ரொட்டி நீடிக்கட்டும்

எங்கள் ஹீயுமா தீவில்
சாப்பிட்டுக்கொண்டிருப்பவனைக் கடந்து போகிறவர்கள்
"ரொட்டி நீடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.
ஒன்பது வருடமாக
என் ரொட்டி நீடித்துக்கொண்டேதான் இருக்கிறது.
தொட்டால்தானே தீர.

கீட்டோ தொடங்கிய முதல் வாரம்
படகின் இயந்திர அறையில்
கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
உப்புத் தண்ணீர் குடியுங்கள் என்றார் டாக்டர் மைரே.
நாற்புறமும் பால்டிக் கடல்,
நடுவில் நான்
குவளையில் உப்பு கரைத்துக்கொண்டு.
வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை.
வைகே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
மூன்றாம் வாரம் என் பக்கம் திரும்பினாள்.
வாடை போய்விட்டதா, பழகிவிட்டதா,
நான் கேட்கவில்லை.

அந்த வருடம் வெங்காயத்தைக்கூட நிறுத்துப் போட்டேன்.
விடியலில் சிறுநீர்த் தாள் ஊதாவானால்
அன்று முழுக்க நான் நல்லவன்.
நிறம் ஏறாவிட்டால்
முந்தின இரவின் ஆறு முந்திரிப் பருப்புகளைக்
கூண்டில் ஏற்றி விசாரித்தேன்.
அந்தத் தாள் டப்பா இப்போது சானாவில் இருக்கிறது,
தீக்குச்சி போட்டு வைக்க.

ஊருக்கு உபதேசம் செய்த வருடமும் ஒன்று உண்டு.
படகுச் சமையற்காரன் ஆர்போவிடம்
உருளைக்கிழங்கைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.
கேட்டபடியே தோல் சீவினான்.
அவனுக்குச் சர்க்கரை இல்லை, தொப்பை இல்லை,
படுத்தால் தூக்கம்.

ஐந்தாம் குளிர்காலம், கடல் உறைந்த பிப்ரவரி.
சிறுநீரகத்தில் கல்.
எள்ளளவுதான்.
எள்ளுக்கு ஒரு ஹெலிகாப்டர்
தாலின்னிலிருந்து வந்தது.
மேலிருந்து பார்த்தால்
வெள்ளைப் பனியில் எங்கள் படகு
நகர முடியாமல் நின்றது, என்னைப் போலவே.
உடம்பு எதையும் இனாமாகத் தருவதில்லை.
அதற்குப் பிறகு தண்ணீர், தண்ணீர், எலுமிச்சைத் துண்டு, தண்ணீர்.

சர்க்கரை இறங்கிற்று. இரண்டு மாத்திரை ஒன்றாயிற்று.
கொழுப்பின் எண் ஏறிற்று.
டாக்டர் மைரே இரண்டையும் வட்டமிட்டார்,
பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.
வெண்ணெயைக் குறைத்து மீனைக் கூட்டினால்
ஒருவேளை, என்றார்.
அந்த ஒருவேளையோடுதான்
நாலு வருடமாகக் குடித்தனம்.

யாரும் சொல்லாத ஒன்று:
பசி அடங்கிய பிறகுதான்
பசி என்று நான் நினைத்திருந்ததெல்லாம் பேச ஆரம்பித்தது.
நவம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
முப்பது வருடம் அந்த நேரத்தில்
ஏலக்காய் பன் ஒன்று தின்றிருக்கிறேன்.
பன் வயிற்றுக்கல்ல, இருட்டுக்கு.
பன் போன பின்
ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு
இருட்டோடு வெறுமனே உட்கார வேண்டியதாயிற்று.
முதலில் இரண்டு பேருக்கும் சங்கடம்.

அண்ணன் கால்யூவைப் புதைத்த அன்று
அண்ணி சுட்ட கறுப்பு ரொட்டி,
வெட்டும்போதே புளிப்பு மணம்.
இரண்டு துண்டு தின்றேன்.
உருளைக்கிழங்கு சாலடும் தின்றேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சரி.
மறுநாள் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.
தண்ணீர்தான்.
கொஞ்சம் அண்ணன்.
பரிகாரம் எதுவும் செய்யவில்லை.
இரண்டு முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றினேன்.

வைகேயின் மணிக்கட்டில் வலி.
அதனால் சனிக்கிழமைகளில்
அவளுக்கான சின்ன ரொட்டிக்கு நான்தான் மாவு பிசைகிறேன்.
விரலிடுக்கில் ஒட்டியதை நக்குவதில்லை,
குழாயடியில் கழுவ அவசரமும் படுவதில்லை.
சூடு ஆறுமுன் அவள் வெட்டுவாள்.
ரொட்டி நீடிக்கட்டும் என்பேன்.
வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டி
வெண்ணெய்த் தட்டை என் பக்கம் நகர்த்துவாள்.
பிறகு டாக்டர் மைரே ஞாபகம் வந்து
பாதி தூரம்
திரும்ப இழுத்துக்கொள்வாள்.